ரயில் குறுக்கிடும் மைதானம்

பொரளையிலுள்ள றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானத்தைக் களனிவெளி ரயில் பாதை ஊடறுத்துச் செல்கிறது. ரயில் வரும்போது ஆட்டக்காரர்கள் மட்டையைத் தாழ்த்தி நிற்கிறார்கள்; கடைசிப் பெட்டியும் கடந்த பின்பே பந்தை அடிக்கிறார்கள். மைதானம் ஒன்றைப் புதிதாக வரைபவர் எவரும் நடுவே தண்டவாளம் போடமாட்டார். வடிவமைப்பின் கண்ணால் பார்த்தால் இது பெரிய குறை. ஆனாலும் அந்த மைதானத்துக்குத் தனி அடையாளம் தந்திருப்பது இதே ரயில்தான்.

இந்தக் குறை எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. 1879இல் தொடங்கிய கழகத்தினர் முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள். 1896இல் பொரளைக்கு இடம்மாறினார்கள்; புதிய மைதானம் அன்றைய ஆளுநர் றிட்ஜ்வேயின் பெயரைப் பெற்றது. சில ஆண்டுகளில் களனிவெளிப் பாதை வந்தது. 1902இல் அது அவிசாவளையை எட்டியது. இரண்டரை அடி அகலக் குறும்பாதை என்பதால் சிறு இடத்திலும் வளைந்து செல்ல அதனால் முடிந்தது. 1990களில் அகலப்பாதையாக மாற்றியபோதும் பழைய வளைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதனால் இன்றும் அந்தப் பாதையில் ரயில் வேகமெடுக்க முடிவதில்லை.

குறையில்லாத மைதானம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மக்கென்சி. 1920இல் வெளிவந்த தம் நூலில் அவர் 13 விதிகளைத் தந்தார். குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனை நோக்கி அடிக்கும்போது இலக்கு கண்ணில் படவேண்டும், ஒரு குழி முடிந்து அடுத்த குழிக்கு அதிக தூரம் நடக்க நேரக்கூடாது, பந்தைத் தேடி அலையும் எரிச்சல் இருக்கக்கூடாது என்பவை அவற்றுள் சில. அதே மக்கென்சி வாழ்நாளெல்லாம் கொண்டாடியது ஸ்கொட்லாந்தின் சென்ற் அண்ட்றூஸ் பழைய மைதானத்தை. 1924இல் அதை அளந்து நுணுக்கமான வரைபடமும் தயாரித்தார்.

அந்த மைதானமோ விதிகளை மீறுவதில் பேர்போனது. 18 குழிகளுக்கு 11 கிரீன்களே உள்ளன. அவற்றுள் ஏழு கிரீன்களை இரண்டிரண்டு குழிகள் பகிர்ந்துகொள்கின்றன. பதினேழாம் குழியில் முதல் அடியைக் கட்டடம் ஒன்றின் மேலாக அனுப்பவேண்டும். ஒருகாலத்தில் அங்கே ரயில்வேக் கொட்டகைகள் இருந்தன. அவை போன பின்பு, அந்த இடைஞ்சல் கெடாமல் இருக்க அதே உருவில் மீண்டும் கட்டினார்கள். 1860இல் முதல் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த ஸ்கொட்லாந்தின் பிறெஸ்ற்விக் மைதானத்திலும் மணல்மேடு கிரீனை மறைக்கும் குழி உண்டு. அங்கே முன்னே ஆடியவர்கள் ஆடி முடித்து மணியடித்தால்தான் பின்னே நிற்பவர்கள் அடிக்கலாம்.

நிலத்துக்கு வளைந்துகொடுத்த மைதானம், திட்டமிட்டு வரைந்த மைதானம் என்ற இரு துருவங்களையும் இலங்கையிலேயே காணலாம். நுவரெலியா மைதானம் 1889ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நகரின் நடுவே, ஒடுங்கிய நிலத்தில், உயர்ந்த மரங்களுக்கு இடையே பந்து போகவேண்டும். திகன றஜவெலவில் 1999இல் திறக்கப்பட்ட விக்ரோறியா மைதானத்தை டொனால்ட் ஸ்ரீல் என்ற வல்லுநர் முழுமையாகத் திட்டமிட்டு அமைத்தார். இரண்டையும் நாடி ஆட்டக்காரர்கள் போகிறார்கள்.

குறையுள்ள மைதானம் ஏன் இன்பம் தருகிறது? முதற் காரணம், கோல்ஃப் மைதானத்துக்கு அளவுச் சட்டம் கிடையாது. ரென்னிஸ் தளம் எங்கும் ஒரே அளவு. கோல்ஃப் மைதானம் ஒவ்வொன்றும் தன் நிலத்தின் பிள்ளை. இரண்டாவது, இடைஞ்சல் யோசிக்க வைக்கிறது. எங்கே அடிப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று ஆட்டக்காரர் கணக்குப்போடுகிறார். மூன்றாவது, பழகியவருக்கு அது அறிவாகிறது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் பந்து போனால் அவுட் என்று விதி செய்து, மதிலையே ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதைப் போன்றது இது. கோல்ஃபிலும் இடத்துக்கேற்ற உள்ளூர் விதிகளை வகுக்க இடமுண்டு.

எல்லாக் குறைக்கும் இந்த மன்னிப்புப் பொருந்தாது. அடுத்த குழிக்கான ஆட்டப்பாதையில் நடப்பவர் தலைக்குப் பந்து வருமானால் அது ஆபத்து, கட்டாயம் திருத்தவேண்டும். மழைநீர் வடியாத தரையில் நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் வேறுபாடு தெரியாது. கொழும்பைப் போன்ற தாழ்நில நகரில் வடிகாலைச் சீராக வைத்திருப்பது முதல் கடமை. திறமைக்குப் பலன் கிடைக்கவிடாத குறை களையப்படவேண்டியது. திறமையைச் சோதிக்கும் குறை காக்கப்படவேண்டியது.

1928இல் ‘றோயல்’ பட்டம் பெற்ற கொழும்புக் கழகத்தின் மைதானத்தில் ஓடும் ரயில் காக்கப்படவேண்டிய குறைகளைச் சேர்ந்தது. அது எவருடைய ஆட்டத்தையும் கெடுப்பதில்லை. எல்லோரையும் ஒரே அளவில் காத்திருக்க வைக்கிறது. நிலத்தின் வரலாற்றோடு சேர்ந்து வளர்ந்த இத்தகைய குறைகளை அழித்துவிட்டால், மைதானம் ஒழுங்காகும். ஆனால் வேறெந்த ஊரிலும் இருக்கக்கூடிய மைதானமாகிவிடும்.