ஏடும் தோள்சீலையும்

சீனத்துப் பேரரசர்கள் ஆணை பிறப்பிக்கையில் கன்பூசிய ஏடுகளைத் துணைக்கழைத்தார்கள். அந்த ஏடு அரசரையும் கட்டியது. கி.மு. 178-ல் சூரிய கிரகணம் கண்டபோது, குறை தம் ஆட்சியில்தான் என்று ஹான் பேரரசர் வென் தம் ஆணையிலேயே ஒப்புக்கொண்டார். அதை இடித்துரைக்க வல்லோரைத் தேடச் சொன்னார்.

நமது குளச்சலை ஆண்ட திருவிதாங்கூரில்? 1741-ல் இதே கடற்கரையில் டச்சுக்காரரை முறியடித்த மார்த்தாண்டவர்மர், 1750-ல் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். அதுமுதல் மன்னர் 'பத்மநாபதாசர்'. சாதிக்கொரு நீதி சொன்ன சாத்திரமே அரசாங்கத்தின் அறம். அந்த ஏடு அரசரைக் கேள்வி கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை. நாடார் குலப் பெண்ணின் தோளைத்தான் அது உற்றுப் பார்த்தது! அவள் தோள்சீலை அணியக் கூடாது என்றது 1829-ஆம் ஆண்டு ஆணை. அப்போது ஆண்டவரும் ஒரு பெண்தான், ராணி கௌரி பார்வதி பாய்!

பெண்கள் பணியவில்லை. கலகம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராசா இறங்கிவந்தார். எவ்வளவு தூரம்? ரவிக்கை போடலாம், கடற்கரை முக்குவத்தியைப்போல் முரட்டுத் துணி சுற்றலாம், உயர்சாதிப் பெண்ணைப்போல் மட்டும் உடுத்தலாகாது! மார்பை மறைக்கலாம், சாதியை மறைக்கக் கூடாதாம். குளச்சலில் மீன் கூடை சுமந்த தாய்மார்களின் உடை அரச ஆணையில் ஏறிய கதை இது. பெருமைப்படுத்த அல்ல, அளவுகோலாக!

அந்தச் சலுகையும் நாடார் பெண்களோடு நின்றது. தாழ்த்தப்பட்ட மற்றச் சாதிப் பெண்கள் 1865 வரை காத்திருந்தார்கள்.