பட்டா யார் பெயரில்?

கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடிய வம்புக்காரன் கதையை நாடறியும். சிரிப்பதற்காகச் சொல்லப்பட்ட அந்தக் கதை, கம்ப்யூட்டர் உலகில் மெய்யாகவே நடந்தது. ஊர் கூடி ஆழப்படுத்திய கிணறு ஒன்று சந்தைக்கு வந்தது, விலை பேசப்பட்டது, கைமாறியது!

மூட்டை தூக்குவோனுக்கும் தறி ஓட்டுவோனுக்கும் இந்தக் கதை எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். ரயிலில் இடம் பிடிக்கப் பெயர் கொடுக்கிறோம். வங்கியில் பணம் கட்டுகிறோம். அந்தப் பெயரும் தொகையும் எங்கே போய் அமருகின்றன? தரவுத்தளம் என்னும் மாபெரும் பேரேட்டிலே! உறக்கம் அறியாத கணக்குப்பிள்ளை அது. நம் கணக்கை வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை யாருடைய ஆள் என்று கேட்பது நம் கடமை அன்றோ!

1995ஆம் ஆண்டு, மைக்கேல் விடேனியஸ் என்னும் பின்லாந்துக்காரரும் தோழர் இருவரும் ஸ்வீடனில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினர். விடேனியஸ் தம் மகளின் பெயரையே அதில் சேர்த்தார். 2000இல் அது ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நிரலின் பெரும்பகுதியைக் கம்பெனி ஊழியர்கள் எழுதினர்; பிழை கண்டு சொன்னவர்களும், திருத்தம் அனுப்பியவர்களும், புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் உலகெங்கும் இருந்தனர். விக்கிப்பீடியாவும் பேஸ்புக்கும் அந்தக் கிணற்று நீரில் வளர்ந்த பயிர்களே.

தண்ணீர் பொது; பட்டா மட்டும் கம்பெனியின் பெயரில்! பதிப்புரிமையும் பெயருரிமையும் அங்கேதான் இருந்தன. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அடுத்த ஆண்டே அந்த சன் கம்பெனியை, 740 கோடி டாலர் மதிப்பில், ஆரக்கிள் வாங்க முன்வந்தது. யார் இந்த ஆரக்கிள்? தரவுத்தளம் விற்றே செல்வம் குவித்த நிறுவனம். இலவசக் கிணற்றின் பட்டா, தண்ணீர் வியாபாரியின் பெட்டிக்குள் போயிற்று!

பதறினர் நிரலாளர்கள். விடேனியஸே 2009 டிசம்பரில் கையெழுத்து இயக்கம் நடத்தினார். ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. ஆரக்கிள் வாக்குறுதிகள் தந்தது. 2010 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. விற்பனைப் பத்திரத்தில் மை காய்ந்தபிறகு எழுப்பிய கூக்குரல் எங்கே எடுபடும்?

ஜி.பி.எல். உரிமம் தண்ணீரைக் காத்தது, அதை மறுக்கவில்லை. அந்த உரிமை இருந்ததால்தான் விடேனியஸ் நிரலை எடுத்து, இளைய மகளின் பெயரால் மரியாடிபி என்று மறுகிணறு வெட்ட முடிந்தது. 2013இல் விக்கிப்பீடியா அங்கே குடிபெயர்ந்தது. ஆயினும் பழைய பெயரும், நிரலை வேறு நிபந்தனையில் விற்கும் உரிமையும் பட்டாதாரரிடமே தங்கிவிட்டன.

இதே காலத்தில் வேறொரு கிணறும் இருந்தது. 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய போஸ்ட்கிரெஸ். பல்கலைக்கழகம் கைவிட்டபின் தொண்டர்கள் கைகொடுத்தனர். 1996இல் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் என்று பெயர் பெற்றது. கம்பெனிகள் அங்கேயும் உண்டு. சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்புகின்றன. ஆனால் மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியின் ஆட்கள் இருக்கலாகாது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. 2020இல் அத்துறைக் கம்பெனிகள் இரண்டு ஒன்றாயின; தராசு சாய்ந்தது. உடனே வெளியிலிருந்து இருவரைக் குழுவில் சேர்த்து நிமிர்த்தினர். அந்தத் திட்டத்தை விலைக்கு வாங்க எந்தச் சீமான் வந்தாலும், விற்பவன் யார் என்று தேடியே அலுத்துப்போவான்!

பாடம் பழையது என்று தள்ளிவிட இயலாது. 2024 மார்ச் 20இல், 15 ஆண்டுகள் தாராள உரிமத்தில் இருந்த ரெடிஸ் தரவுத்தளத்தின் உரிமத்தை அதன் கம்பெனி மாற்றியது. பெரும் மேகக் கம்பெனிகள் எங்கள் உழைப்பை விற்றுப் பணம் பண்ணுகின்றன, எங்களுக்கு என்ன தருகின்றன என்று கேட்டது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உழைப்பில் ஊராரின் பங்கும் இருந்ததே, அவர்களைக் கேட்டார்களா? எட்டே நாளில் வால்கீ என்ற மாற்றுக் கிணறு லினக்ஸ் பவுண்டேஷனின் நிழலில் எழுந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் மீண்டும் ஒரு கட்டற்ற உரிமத்தையும் சேர்த்தது. கூடி நின்றவர்கள் வேறு வழி வெட்டியதும், மூடிய கதவு சற்றே திறந்தது.

கம்பெனி இல்லாவிட்டால் நிரலாளன் பட்டினி கிடப்பதா என்று கேட்பார் சிலர். கிடக்க வேண்டாம்! கூலி வாங்கட்டும், நல்ல கூலியே வாங்கட்டும். ஆரக்கிள் கொடுத்த சம்பளத்தில்தான் 2018இல் மைஎஸ்கியூஎல் எட்டாம் பதிப்பு வெளிவந்தது. அதுவும் பொது உரிமத்திலேயே வந்தது. கூலி கொடுப்பவனைக் குற்றம் சொல்லவில்லை நாம். கூலி கொடுத்தவனுக்கே பட்டாவும் போய்ச்சேர வேண்டும் என்னும் வழக்கத்தைத்தான் கேள்வி கேட்கிறோம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று நிரல் எழுதுகிறார்கள். இரவில் கண்விழித்துப் பொதுத் திட்டங்களுக்கும் உழைப்பைத் தருகிறார்கள். தாருங்கள், பெருமைப்படுகிறோம். மண்வெட்டியை எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பதிப்புரிமை யாரிடம்? பெயர் யாரிடம்? முடிவெடுக்கும் குழுவில் எத்தனை கம்பெனியின் ஆட்கள்? மூன்றுக்கும் ஒரே கம்பெனியின் பெயர் விடையாக வந்தால், நீங்கள் வெட்டுவது ஊர்க்கிணறன்று. விலைச்சீட்டு இன்னும் ஒட்டப்படாத கிணறு!