அத்தையின் புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம்!

சின்னமனூரில் இருக்கும் என் அத்தை போன ஆவணியில் ஒருநாள் போன் செய்தார். "ஏத்தா, நீ பத்திரிகையில இருக்கியே, உனக்கு வக்கீல் யாரையும் தெரியுமா?" என்று கேட்டார். அத்தை அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. கோர்ட், போலீஸ் என்றாலே, "அது நமக்கு எதுக்கு?" என்பவர்.

மறுவாரம் ஊருக்குப் போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே, நாலாக மடித்த ஒரு புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. தொகை ஒன்றரை லட்சம் ரூபாய். வாங்கியவர் மாமாவுக்குப் பங்காளி வகையில் தம்பி முறை. மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கப் போவதாகச் சொல்லி வாங்கியிருக்கிறார். அத்தை கொடுத்தது, பன்னீர் திராட்சை விற்ற பணத்தில் மகளின் காலேஜுக்காகச் சேர்த்து வைத்திருந்த தொகை.

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். அவர் நோட்டை வாங்கி முதலில் தேதியைத்தான் பார்த்தார். 10.6.2022. பிறகு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் வெள்ளைத் தாள்.

"இடையில ஏதாவது வட்டி, அசல் குடுத்தாராம்மா?"

"2023 தீபாவளிக்குப் பத்தாயிரம் குடுத்தாருங்க. கையில."

"நோட்டுக்குப் பின்னாடி வரவு வெச்சு அவர்கிட்ட கையெழுத்து வாங்கலையா?"

"சொந்தக்காரவுககிட்ட எப்படிங்க அதெல்லாம் கேக்குறது?"

வக்கீல் நோட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "போன ஜூன் 10-ம் தேதியோட இதுக்கு ஆயுள் முடிஞ்சிருச்சும்மா."

அத்தைக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. "கையெழுத்து அவரோடதுதான? பணம் வாங்கலைன்னு அவரே சொல்ல மாட்டாரே!" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடன் பொய் என்று யாருமே சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போகும் காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

சிவில் வழக்குகளை எத்தனை காலத்துக்குள் போட வேண்டும் என்று சொல்வது 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. 'தாங்கள் கேட்கும்போது தருகிறேன்' என்று புரோநோட்டில் எழுதியிருப்பதால், நாம் கேட்ட நாளிலிருந்துதான் மூன்று வருஷம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்த மாதிரி நோட்டுக்கு, அது எழுதப்பட்ட தேதியிலிருந்தே கணக்கு ஆரம்பித்துவிடும். அத்தை நோட்டை மஞ்சப்பையில் வைத்துக் கட்டிய அன்றே கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிட்டது.

எதற்கு எவ்வளவு காலம்? நம் வீடுகளில் அடிக்கடி வருபவை இவை:

* கேட்டதும் தருவதாக எழுதிய புரோநோட்டு: எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம்.
* கைமாற்றாகக் கொடுத்த பணம்: கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம்.
* கடனுக்கு அனுப்பிய சரக்கு (திராட்சை, ஏலக்காய், தேங்காய் எதுவானாலும்): தவணை பேசாவிட்டால் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 3 வருஷம், தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து 3 வருஷம்.
* இடம் வாங்கப் போட்ட கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்பது: ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 வருஷம். தேதி குறிக்கவில்லை என்றால், எதிர்த் தரப்பு மறுப்பது நமக்குத் தெரிந்த நாளிலிருந்து.
* நம் சொத்தை இன்னொருவர் தன்னுடையது என்று அனுபவித்து வந்தால், அதை மீட்க: 12 வருஷம்.
* கோர்ட்டில் பணத்துக்கு வாங்கிய தீர்ப்பை நிறைவேற்ற: 12 வருஷம்.

செக் திரும்பி வந்தால் கணக்கே வேறு. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் மனு போட வேண்டும்.

திருவிழா முடியட்டும், கல்யாணம் முடியட்டும்...

"முன்னாடியே வந்திருக்கலாமே அத்தை?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். சித்திரையில் போகலாம் என்றிருந்தாராம். வீரபாண்டி திருவிழா முடியட்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். வைகாசியில் கடன் வாங்கியவர் வீட்டில் கல்யாணம். கல்யாண வீட்டில் போய்க் கடனைக் கேட்பதா? பிறகு ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாராவது கோர்ட் படி ஏறுவார்களா?

இதில் எந்தக் காரணமும் பொய் இல்லை. நம் ஊரில் மனிதர்கள் இப்படித்தான் வாழ்கிறோம். ஆனால், சட்டத்தின் காலண்டரில் ஆடியும் இல்லை, வைகாசியும் இல்லை. கடைசி நாளில் கோர்ட் விடுமுறையாக இருந்தால் மட்டும், திறக்கிற நாளன்று வழக்கைப் போடலாம். மே மாதக் கோடை விடுமுறையில் கெடு முடிகிறவர்களுக்கு இது உதவும்.

'தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டால் போதும்' என்றும் சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான். புதிதாகப் போடும் வழக்குக்குக் கிடையாது.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒப்பந்தக் கடனுக்கு 6 வருஷம் அவகாசம் உண்டு. அங்கே 'காலம் கடந்துவிட்டது' என்ற வாதத்தைப் பிரதிவாதிதான் எழுப்ப வேண்டும். அவர் சொல்லாவிட்டால் வழக்கு நடக்கும். நம் சட்டத்தின் 3-வது பிரிவு அப்படி இல்லை. எதிராளி வாயே திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். ஆக, 'அவர் நல்ல மனுஷன், அப்படிச் சொல்ல மாட்டார்' என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணைக்காக 1886-ல் எழுதிய குத்தகைப் பத்திரத்துக்கு 999 வருஷம் ஆயுள். அதே தண்ணீரில் விளைந்த திராட்சையின் பணத்துக்கு எழுதிய நோட்டுக்கோ மூன்றே வருஷம்!

எது கடிகாரத்தை நிறுத்தும்?

வக்கீல் நோட்டீஸ் நிறுத்தாது. போலீஸில் கொடுத்த மனு நிறுத்தாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசியதும் நிறுத்தாது. வழக்குரையைக் கோர்ட்டில் தாக்கல் செய்தால்தான் நிற்கும்.

ஆனால், கடிகாரத்தை முதலிலிருந்து ஓட வைக்க வழி இருக்கிறது. மூன்று வருஷம் முடிவதற்குள், கடன் வாங்கியவர் 'இந்தப் பணம் நான் தர வேண்டியிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். வட்டியாகவோ அசலாகவோ கொஞ்சம் கொடுத்து, அதை அவரே எழுதினாலோ, எழுதியதன் கீழ் கையெழுத்துப் போட்டாலோ, அப்போதும் அப்படியே. அந்தக் காலத்துப் பெரியவர்கள் நோட்டின் பின்பக்கம் 'வரவு' எழுதி வாங்கியது இதற்காகத்தான். 2023 தீபாவளிக்குக் கொடுத்த பத்தாயிரத்துக்கு அத்தை ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால், நோட்டின் ஆயுள் 2026 நவம்பர் வரை நீண்டிருக்கும்.

வாட்ஸ்அப்பில் 'தந்துடறேன் மதினி' என்று வந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள். ஆனால், அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கோர்ட்டில் அதை நிரூபிக்கத் தனியாகச் சான்றிதழ் எல்லாம் தேவைப்படும். பேனாவால் போட்ட கையெழுத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வழக்கு போடுவது எப்படி?

பிரதிவாதி குடியிருக்கும் இடத்து கோர்ட்டிலோ, கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்து கோர்ட்டிலோ வழக்கு போடலாம். சரக்கு வாங்கியவர் கேரளாக்காரர் என்பதாலேயே கேரளாவுக்கு ஓட வேண்டும் என்றில்லை. யார், யாரிடம், எவ்வளவு, எப்போது வாங்கினார், வழக்குக்கான காரணம் எந்தத் தேதியில் உண்டானது என்பதெல்லாம் வழக்குரையில் இருக்க வேண்டும். படித்துப் பார்த்தாலே காலம் கடந்தது தெரிந்தால், வாசலிலேயே நிராகரித்துவிடுவார்கள்.

நீதிமன்றக் கட்டணத்துக்குப் பயந்தும் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2017-ல் இது 7.5 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கு 4,500 ரூபாய். சம்மன் கிடைத்ததும் பிரதிவாதி 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும், கோர்ட் அதை 90 நாள் வரை நீட்டிக்கலாம்.

பெண்களுக்கு இன்னொன்று. 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு போடாமலேயே லோக் அதாலத்தில் பேசி முடிக்கவும் வழி இருக்கிறது.

அத்தைக்கு மிச்சமிருந்த ஒரே வழி

காலம் கடந்த கடனுக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவில் ஒரு சந்து உண்டு. 'அந்தப் பழைய கடனைத் தருகிறேன்' என்று கடனாளி மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது புது ஒப்பந்தமாகச் செல்லும். ஆனால், அவராக மனமுவந்து போட வேண்டும்.

அத்தையும் மாமாவும் அவர் வீட்டுக்குப் போனார்கள். காபி வந்தது. கல்யாண ஆல்பம் வந்தது. கடைசியில் அத்தை விஷயத்தைச் சொன்னார்.

"என்ன மதினி, பணத்தை இல்லைன்னு சொல்வேனா? கையெழுத்து எதுக்கு நமக்குள்ள?"

அதற்கு மேல் கேட்க அத்தைக்கு வாய் வரவில்லை. இன்றுவரை கையெழுத்தும் வரவில்லை, பணமும் வரவில்லை. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வளையல்கள் அடகுக்குப் போயிருக்கின்றன.

இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் யாராவது, "ஒருத்தருக்குப் பணம் குடுத்திருக்கேன்" என்றால், எவ்வளவு என்று அத்தை கேட்பதில்லை. "எந்தத் தேதில குடுத்த? பின்னாடி எழுதி வாங்குனியா?" என்றுதான் கேட்கிறார்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு நோட்டு இருக்கலாம். இன்றைக்கே எடுத்து தேதியைப் பாருங்கள். மூன்றாவது வருஷம் முடிய நாள் இருந்தால், கொடுத்த பணத்தைக் காப்பாற்ற உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது.