பூச்சும் செப்பமும்

பழைய பொருள்களைச் செப்பனிட்டுப் புதுக்கும் வேட்கை மேனாடுகளில் மிகுந்து காணப்படுகின்றது. அவற்றுள் ஒன்று பழைய இரும்புக் கடைசல் எந்திரத்தைச் செப்பனிடுதலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் 'லேத்' என வழங்கும் பொறி இதுவே. இங்கிலாந்தில் ஓய்வு நேரத்தைத் தம் வீட்டுக் கொட்டகையில் இத்தொழிலிற் கழிப்பார் பலர். அவருள் ஆசிரியர் உளர், எழுத்தர் உளர், மருத்துவரும் உளர். இவர் செயலைப் பற்றித் தமிழ் மாணவராகிய நாம் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். ஆயினும் ஏட்டையும் எழுத்தையும் பயில்வார் அறிந்து கொள்ளத்தக்கதொரு பாடம் இத்தொழிலின்கண் உண்டு என்பதே நாம் ஈண்டுக் கூற விரும்புவது.

முதற்கண் இப்பொறியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். வேலைப்பொருள் சுழல்கின்றது, கூரிய உளி அதன்மேற் படிந்து சீவுகின்றது. உளியைத் தாங்கும் வண்டி, 'படுக்கை' எனப்படும் நீண்ட வார்ப்பிரும்புத் தடத்தின்மீது ஊர்கின்றது. தடம் நேராக இருப்பின் கடைந்த உருளையும் நேராக அமையும். தடம் பிழைப்பின் உருளையும் பிழைபடும். ஹென்றி மாட்ஸ்லே என்பார் 1800-ஆம் ஆண்டையொட்டி அமைத்த திருகு வெட்டும் கடைசல் எந்திரம் இன்றும் இலண்டன் மாநகரத்து அறிவியற் காட்சிசாலைக்கு உரியதாய்ப் போற்றப்படுகின்றது. பிற பொறிகளின் உறுப்புக்களை மட்டுமன்றித் தன் உறுப்புக்களையும் தானே கடைந்து கொள்ள வல்லது இப்பொறி. ஆதலின் பழுதுற்ற எந்திரம் ஒருவாறு இயங்கத் தொடங்கிவிடின், தன்னைத் தான் செப்பனிட்டுக் கொள்வதற்குத் தானே துணையாகின்றது.

பொழுதுபோக்காகப் பொறித்தொழில் பயில்வார்க்கென 1898-இல் பெர்சிவல் மார்ஷல் என்பார் 'மாடல் எஞ்சினியர்' என்னும் இதழைத் தொடங்கினர். அத்தகையோர் பெரிதும் விரும்பிய எந்திரங்களுள் ஒன்று, நாட்டிங்காம் நகரை அடுத்த பீஸ்டனில் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் செய்யப்பெற்ற 'மைபோர்டு எம்.எல். 7' என்பதாகும். படுக்கையினின்று சுழலச்சின் மையம் வரை அதன் உயரம் மூன்றரை அங்குலமே. பீஸ்டன் தொழிற்சாலை 2011-இல் மூடப்பெற்றது. எனினும் அங்குப் பிறந்த எந்திரங்கள் பல வீடுகளில் இன்னும் உழைக்கின்றன. சில, ஈரக் கொட்டகைகளில் துருவேறிக் கிடக்கின்றன. சில, வண்டியேற்றும்போது சாய்ந்து உறுப்பொடிந்து போகின்றன. கடைசல் எந்திரத்தின் எடை மேற்புறத்தே மிகுதியாதலின் அது எளிதிற் கவிழும். வார்ப்பிரும்போ வளையாது, அடிபட்டால் உடையும்.

இத்தகைய எந்திரத்தைக் கைக்கொண்டவன் யாது செய்தல் வேண்டும்? பலர் முதலிற் செய்வது யாதெனில், துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதுவண்ணம் பூசுதலே. சிலர் படுக்கையின்மீதே உப்புத்தாளைக் கொண்டு தேய்த்து விடுகின்றனர். பார்ப்போர் கண் மகிழும், படமெடுத்தால் அழகாயிருக்கும். ஆயின், தேய்த்த கை தன் விருப்பப்படி தடத்தை மேடும் பள்ளமும் ஆக்கிவிடுகின்றது. எஞ்சியிருந்த நேர்மையும் அதனோடு போகின்றது. இதனைச் செப்பனிடுதல் என்று கூற எம் மனம் ஒருப்படவில்லை. இது நோயாளிக்கு மருந்து கொடாது பட்டாடை உடுத்துவதை ஒக்கும்.

செப்பனிடுவோனது முதற்கடமை அளந்தறிதலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வேலை பெரும்பாலும் சுழல்தலைக்கு அருகிலேயே நிகழ்வதால் படுக்கை அவ்விடத்திலேதான் மிகுதியும் தேயும். அங்கே வண்டி ஆடுகின்றதென்று திருகை முறுக்கி இறுக்கினால், தேயாத மறுகோடிக்குச் செல்லும்போது வண்டி சிக்கி நின்றுவிடும். இஃது உண்மையான தேய்மானம். ஆனால், உருளை ஒருபுறம் பருத்தும் ஒருபுறம் சிறுத்தும் கடையப்படுவதற்குத் தேய்மானமே காரணமாதல் வேண்டுவதின்று. எந்திரத்தின் கால்கள் சமனில்லாத மேசையில் இறுக்கப்பட்டிருப்பின் படுக்கை முறுக்குண்டு அதே குற்றத்தை விளைக்கும். அந்நிலையிற் படுக்கையைச் சுரண்டுவோன் குற்றமற்ற உறுப்பையன்றோ சிதைக்கின்றான்? மேசையின் பிழையை எந்திரத்தின்மேல் ஏற்றுதல் ஆகாது. சீவி எடுத்த இரும்பை மீண்டும் ஒட்டுதலும் இயலாது.

துருவை நீக்குதற்கும் முறை உண்டு. சலவைச் சோடாக் கரைத்த நீரில் உறுப்பை அமிழ்த்தி, அதனை மின்கலத்தின் எதிர்முனையிலும், பயனற்றதோர் இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்தால், நல்லிரும்பு தேயாது துரு தளர்ந்து நீங்கும். அப்போது எழும் ஹைட்ரஜன் ஆவி தீப்பற்றும் இயல்பினது. ஆதலின் காற்றோட்டமுள்ள இடத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும். பழைய வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதன் தூள் மூச்சிற் கலப்பது பெருந்தீங்கு.

நிற்க. தளமொன்று நேரானது என்று அறிவது எங்ஙனம்? மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பயின்ற ஜோசப் விட்வொர்த் என்பார், மெய்யான இரும்புத் தளங்களை ஆக்கும் முறைபற்றி 1840-இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை படித்தனர். இரு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, நீலமை தடவி, மை பட்ட மேடுகளைச் சுரண்டிச் சரிசெய்தால் அவை முற்றும் பொருந்திவிடும். ஆயினும் அவை தட்டையானவை என்று துணிதல் இயலாது. ஒன்று சிறிது குவிந்தும் மற்றொன்று அவ்வளவே குழிந்தும் இருந்தால் அவை நன்றாகப் பொருந்துமன்றோ? மூன்றாவது தகடு ஒன்றை இரண்டனோடும் மாற்றி மாற்றிப் பொருத்திய பின்னரே மறைந்த பிழை வெளிப்படும். மூன்றும் தம்முள் எவ்வாறு மாற்றினும் பொருந்துமாயின், அவை தட்டையானவை.

இதனைப் பயின்றபோது எமக்கு ஏட்டுப் பிரதிகளே நினைவில் வந்தன. ஒரு பிரதியைப் பார்த்து எழுதிய மற்றொன்று அதனோடு ஒத்திருத்தல் இயல்பு. அவ்வொற்றுமை பாடத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது. பிறிதோரிடத்துக் கிடைத்த மூன்றாம் பிரதி வேண்டும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஊரூராய்ப் பிரதிகளைத் தேடியலைந்ததன் பொருள் இதுவே. புறநானூற்றிற் செல்லரித்துப் போன சொற்களைத் தாமே புனைந்து நிரப்பாது, புள்ளியிட்டு வெற்றிடமாகக் காட்டிய நேர்மையையும் நாம் அறிவோம்.

இந்நேர்மையே எந்திரத்திற்கும் வேண்டும் என்கின்றோம். பற்சக்கரத்திற் பல்லொன்று ஒடிந்தால், ஒடிந்த இடத்தை வெட்டிப் புதிய துண்டைப் பதித்துப் பல்லாக அராவி அமைப்பதுண்டு. அவ்வொட்டு வெளியே தெரியட்டும்; அதனை மெழுகி மறைக்க வேண்டுவதில்லை. பல தலைமுறை கைபட்டு வழவழப்பான கைப்பிடியையும், முன்னோன் ஒருவன் பொறித்த அடையாளத்தையும் அழிக்க வேண்டுவதில்லை. வேலைக்கு இன்றியமையாதவற்றைச் செம்மையாக்குக. ஏனையவற்றை இருந்தபடியே விடுக. வண்ணம் பூசுதல் குற்றமென்று நாம் கூறவில்லை. அது கடைசியிற் செய்யப்படுவது, அவ்வளவே.

'இவ்வளவு உழைப்பிற்கும் செலவிற்கும் புதிய எந்திரமே வாங்கிவிடலாமே' என்பார் உளர். ரூபாய்க் கணக்கில் அவர் கூற்று உண்மையாதல் கூடும். படுக்கையே பிளந்துபோன எந்திரத்தோடு போராடுதல் வீண் என்பதையும் ஒப்புகின்றோம். அதன் நல்ல உறுப்புக்களைக் கழற்றி வேறோர் எந்திரத்திற்கு உதவுவதே தக்கது. ஆனால், பொழுதுபோக்கின் ஊதியம் பணமன்று. ஒரு பொறியை முற்றும் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக உளது என்று வினவி, மீண்டும் பூட்டியவன் அதனை விலைக்கு வாங்கியவனினும் நன்கு அறிந்தவனாகின்றான். கையாற் சுரண்டித் தளமமைக்கும் திறனோ வரவர அருகி வருவது; செய்வாரில்லையேல் மறைந்தொழியும்.

மாணவ நண்பர்களே! கையில் எண்ணெய்க் கறை படிவதை இழிவென்று எண்ணும் வழக்கம் கல்லூரிகளில் இன்னும் ஒழியவில்லை. நம் கல்லூரிக்கு வெளியே, லேத்துப் பட்டறையில் ஆயிரத்தில் ஓரங்குலப் பிழையைத் தேடி நிற்கும் தொழிலாளியும், நூல்நிலையத்தில் ஓரெழுத்துப் பிழையைத் தேடி அமர்ந்திருக்கும் மாணவனும் ஒரே அறத்தைப் பேணுவோராவர். விடுமுறையில் ஒருநாளேனும் அப்பட்டறையின் வாயிலில் நின்று, அவரிடம் பணிந்து வினவிக் கற்போமாக. பழையதைப் போற்றுகின்றோம் என்று மேடைதோறும் பேசும் நாம், போற்றும் முறையை அங்கே கற்றுக் கொள்ளலாம்.