பாழுங்கிணறுகளில் விழும் காட்டுயிர்கள்: எங்கள் நிலைப்பாடு

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கோடை பிறந்தால், கிணற்றில் விழுந்த புள்ளிமானை மீட்ட செய்தியும் கூடவே வந்துவிடுகிறது. செய்தியில் இடம்பெறாத நரியும் முயலும் மரநாயும் உடும்பும் பாம்பும் அதே கிணறுகளில் விழுகின்றன. இந்த உயிர்களுக்கு எப்படி உதவுவது என்பதில் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: விலங்கைக் காப்பாற்றுவதற்காக ஊர்க்காரர் யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. மேலே நின்றபடி செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு, தீயணைப்புத் துறையையும் வனத்துறையையும் அழைக்க வேண்டும். ஊரின் உழைப்பும் பணமும் முதலில் போக வேண்டிய இடம் கிணற்றைச் சுற்றி எழுப்பும் கைப்பிடிச் சுவர். மீட்புக்குக் கிடைக்கிற பாராட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் சுவருக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கிணறுகள் எப்படிப் பாழாயின என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். கமலை கட்டி இறைத்த காலத்தில், மாடு பின்னும் முன்னும் நடக்கவும் சால் ஏறி இறங்கவும் வசதியாகக் கிணற்றின் ஒரு பக்கத்தையாவது சுவரில்லாமல் விட்டார்கள். கிணற்றடியில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்ததால் அது பெரிய ஆபத்தாகவும் இல்லை. பிறகு மின்மோட்டார் வந்தது. நீர்மட்டம் இறங்கியதும் ஆழ்துளைக் கிணறு வந்தது. பழைய கிணறு கேட்பாரற்றுப் போனது. நிலம் தரிசானதும் சீமைக்கருவேலம் கிணற்றின் வாய்வரை மூடிக்கொண்டது. குண்டாறு மணலாகக் கிடந்து கண்மாயும் வற்றிப்போகும் மாதங்களில் தண்ணீர் தேடி இரவில் நடக்கிற மானுக்கும், நாய் துரத்த ஓடுகிற மானுக்கும் அந்தப் பள்ளம் கண்ணில் படாது. எங்கள் மாவட்டத்தின் பெரிய காடு மேற்கெல்லையில், 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. இங்கே, கிழக்கில், காப்பகம் என்ற பெயரில்லாத தரிசிலும் கண்மாய்க் கரையிலும் வாழ்கிற விலங்குகளுக்குப் பாதுகாப்பு என்றால் அது நிலத்துக்காரரும் ஊராட்சியும் தருவதுதான்.

இறங்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இரக்கம் குறைந்ததால் அல்ல. நெடுநாள் புழங்காத கிணற்றில் இலைதழை அழுகி, உயிர்க்காற்று குறைந்து, கனமான நச்சுக்காற்று அடியில் தங்கிவிடும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் 2024 ஏப்ரலில், சாணக் குழியாகப் பயன்பட்ட பழைய கிணறு ஒன்றில் பூனை விழுந்தது. அதைத் தூக்க ஒருவர் இறங்கினார். அவர் மயங்கவே அவரைத் தூக்க அடுத்தவர், அவரைத் தூக்க இன்னொருவர் என்று இறங்கி, ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி இறங்கியவரை மட்டும் மேலே இழுக்க முடிந்தது. அங்கே யாரும் அசட்டையாக இருக்கவில்லை. ஒவ்வொருவரும் இன்னொரு உயிருக்காகத்தான் இறங்கினார்கள். நல்ல மனம் மட்டுமே துணையாக இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் மான் மூழ்கிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மான் நீந்தும், ஆனால் ஏற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி நீந்திச் சோர்ந்துதான் மூழ்கும். ஆகவே அதற்கு உடனடித் தேவை ஒரு பிடிமானம். கயிற்றுக் கட்டிலை நான்கு மூலையிலும் கயிறு கட்டி இறக்கலாம். காற்றடித்த லாரி டியூபையோ, சேர்த்துக் கட்டிய வாழைத்தண்டுகளையோ மிதக்கவிடலாம். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கிணற்றில் விழும் சிறுத்தைகளுக்கும் வனத்துறையினர் கட்டிலைத்தான் இறக்குகிறார்கள். இதற்கு யாரும் உள்ளே போக வேண்டியதில்லை. 101-ஐ அழைத்த பிறகு செய்ய வேண்டிய இன்னொரு வேலை கூட்டத்தைக் கலைப்பது. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். அளவுமீறிய அச்சத்திலும் திமிறலிலும் மானின் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். காயமே இல்லாமல் மேலே வந்த மான் சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துப்போவது இதனால்தான். கூச்சல், கைபேசி வெளிச்சம், கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்தச் சாவை விரைவுபடுத்தும். மேலே வந்ததும் கண்ணைத் துணியால் மூடி, சத்தமில்லாத நிழலில் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். குட்டியை வீட்டில் வளர்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இவ்வளவும் செய்தாலும் மீட்பு என்பது பாதி தோல்விக்குப் பிறகு தொடங்குகிற வேலைதான். குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களுக்கென்றே மீட்புக் குழுக்களும் மருத்துவமனையும் இருக்கின்றன. அப்படியிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களின் திறந்த கிணறுகளில் சிங்கங்கள் விழுந்து சாவதைத் தடுக்க, அரசும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. நம் தர்மபுரி மாவட்டத்தில் பஞ்சப்பள்ளி அருகே 2020 நவம்பரில் கிணற்றில் விழுந்த யானையைத் தண்ணீரை இறைத்து, மயக்க ஊசி போட்டு, கிரேன் வைத்துத் தூக்க ஒரு பகல் முழுதும் போனது. அந்தச் செலவில் எத்தனை கிணறுகளுக்குச் சுவர் எழுப்பியிருக்கலாம்! சுவரைத் தாண்டியும் விழக்கூடிய பாம்பு, உடும்பு போன்றவை தாமே ஏறிவர, முடிச்சிட்ட தேங்காய்நார்க் கயிற்று வலையை விளிம்பிலிருந்து தண்ணீர்வரை தொங்கவிட்டால் போதும். அமெரிக்காவின் மேற்கு மேய்ச்சல் நிலங்களில் கால்நடைத் தொட்டிகளுக்குள்ளேயே சிற்றுயிர்கள் ஏறிவரச் சாய்தளம் வைக்கிறார்கள்.

பாழுங்கிணற்றை மண்ணடித்து மூடிவிட்டால் என்ன என்பது சிலர் கருத்து. மழைநீரை நிலத்துக்குள் அனுப்ப வறண்ட நாட்டில் இருக்கிற வழிகளில் திறந்த கிணறும் ஒன்று. அதனால் மூடுவதை நாங்கள் ஏற்கவில்லை. சுவர் கட்டுவதற்கு நிலத்துக்காரர் சொல்லும் மறுப்பு இதைவிடக் கனமானது. மானும் மயிலும் காட்டுப்பன்றியும் வெள்ளாமையை அழிக்கும்போது அவற்றுக்காக நான் ஏன் செலவழிக்க வேண்டும் என்கிறார். பயிர்ச் சேதத்துக்கு உரிய இழப்பீடு உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்பதில் நாங்கள் அவர் பக்கம் நிற்கிறோம். ஆனால் அந்தக் கிணறு மானை மட்டும் விழுங்குவதில்லை. மேய்ச்சல் ஆடும் இருட்டில் வருகிற இருசக்கர வண்டியும் விளையாடப் போகும் பிள்ளையும் அதே வாயில்தான் விழுகிறார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தையை இழந்தபின் மூடாத குழாய்களை மாநிலம் முழுவதும் தேடினோம். திறந்த பெருங்கிணறுகளுக்கும் அந்தத் தேடல் வேண்டும். செலவை நிலத்துக்காரர் தலையில் மட்டும் கட்டாமல் ஊராட்சியும் வனத்துறையும் பகிர வேண்டும்.

ஆகவே, மார்ச் 22 தண்ணீர் நாள் கிராமசபையில் ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் சுவரில்லாத கிணறுகளைப் புல எண்ணோடு பட்டியலிட்டுத் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்கிறோம். கண்மாய்க் கரையிலும் தரிசிலும் உள்ளவற்றுக்கு முதலிடம் தர வேண்டும். சுவர் எழும்வரை கருவேலமுள்ளை வெட்டிக் கிணற்றைச் சுற்றி வேலி அடைக்கலாம். அதற்கு எந்த நிதியும் வந்துசேரக் காத்திருக்க வேண்டியதில்லை.