சொந்த ஊரிலும் சட்டப்படி அயல்நாட்டவர்

திருச்சி விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய புதிய முனையத்தில் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களில் ஒரு சாரார் திரும்பிப் போவதற்காக வருவதில்லை. வாழ்நாளெல்லாம் அங்கே உழைத்து ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். மிச்ச காலத்தை அரங்கன் காலடியில் கழிக்கலாம் என்று ஸ்ரீரங்கத்தில் வீடு தேடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் இதே எண்ணத்தோடு வருகிறவர்கள் உண்டு. பலருடைய கையில் இருப்பது வேற்று நாட்டுக் கடவுச்சீட்டு. அவர்கள் வர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வந்த கையோடு சேமிப்பு முழுவதையும் ஒரு வீட்டில் போடும் வழக்கம் தவறு. ஓராண்டாவது வாடகை வீட்டில் இருந்து, காகிதங்களைச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகே வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அவர்களை முதலீட்டாளர்களாகவே பார்த்துப் பழகிய அரசும் முதியவர்களாக அவர்களைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

பிறந்த மண்ணுக்கு வருகிறவருக்கு இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் அவர் அயல்நாட்டவர் என்பதே காரணம். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. அவருக்குக் கிடைப்பது இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு. வாழ்நாள் விசா, எத்தனை காலம் தங்கினாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை என்ற சலுகை, சொத்திலும் வங்கிக் கணக்கிலும் வெளிநாடுவாழ் இந்தியருக்குச் சமமான உரிமை ஆகியவற்றை அது தருகிறது. வாக்குரிமை கிடையாது, அரசு வேலை கிடையாது. சமயப் பரப்புரை, இதழியல், ஆய்வு போன்றவற்றில் இறங்க 2021 முதல் தனி அனுமதி வேண்டும். ஓசிஐ கார்டோடு ஐந்தாண்டு இருந்து, விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இங்கேயே வசித்தவர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பழைய குடியுரிமையை அப்போது விட வேண்டும். நிரந்தரமாகத் தங்குவது உறுதி என்றால், இந்த வழியைத் தொடக்கத்திலேயே எடைபோடுவது நல்லது.

இனி நிலம். ‘ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு, லால்குடி பக்கம் ஒரு வாழைத்தோப்பு’ என்பது கடல் கடந்தவர் பலரின் கனவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஓசிஐ கார்டின் பேரில் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தோப்பை மைத்துனர் பெயரில் வாங்கிப் போடுவது சட்டச் சிக்கலையும் குடும்பச் சண்டையையும் ஒன்றாக வாங்குவதுதான்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கும் தனிச் சிக்கல் உண்டு. கோயிலின் மதில்களுக்குள்ளேயே ஊர் வளர்ந்த இடம் இது. வீடு நிற்கும் நிலமான அடிமனை கோயிலுடையதா, குடியிருப்போருடையதா என்ற தகராறு பல ஆண்டுகளாகத் தீரவில்லை. கோயில் நிலம் என்று குறிக்கப்பட்ட சர்வே எண்ணில் இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்பனைப் பத்திரம் பதிய முடியாது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களே இதனால் விற்க முடியாமலும் கடன் வாங்க முடியாமலும் தவிக்கிறார்கள். தரகர் காட்டும் வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றதும் முன்பணம் கொடுத்துவிடுவது புதிதாக வருகிறவர்களின் வழக்கம். பதிவான ஆவணங்கள்தான் அந்தச் சான்றில் வரும். நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கும் பதியப்படாத உரிமைக் கோரலும் பெரும்பாலும் அதில் தெரியாது. தாய்ப்பத்திரம், பட்டா, நகர அளவைப் பதிவேடு, கோயில் நிர்வாகத்தின் நிலைப்பாடு ஆகிய நான்கையும் பார்க்காமல் பேரம் பேசக் கூடாது. அதற்கே சில மாதங்கள் ஆகும். வாடகை வீடு அந்த அவகாசத்தைத் தரும்.

‘நான் வரும்வரை நீ பார்த்துக்கொள்’ என்று உறவினருக்குப் பொது அதிகாரப் பத்திரம், பேச்சு வழக்கில் பவர், எழுதித் தருவது அடுத்த பொறி. கிரயப் பத்திரம் பதியாமல் பவரை மட்டுமே வைத்து நடக்கும் விற்பனை முறையான கிரயம் ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும், விற்கும் உரிமை இல்லாமல் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வாங்கிய வீட்டை, ‘கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வான்’ என்று தம்பி மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுவோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எழுதி வாங்கியவர் பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய, 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்திருந்தால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால், 60 வயதான ‘இந்தியக் குடிமக்களையே’ அந்தச் சட்டம் மூத்த குடிமக்கள் என்கிறது. வேற்றுநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் முதியவர் அதே தெருவில், அதே கதிக்கு ஆளாகி நின்றாலும், அந்தக் கதவு அவருக்குத் திறக்கும் என்று நம்பி இருக்க முடியாது. உயிரோடு இருக்கும்வரை வீட்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, உயில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிந்து வைப்பதே பாதுகாப்பு.

பணத்திலும் கவனம் வேண்டும். நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டவர், வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கைப் பழையபடி வைத்திருக்க முடியாது. உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்தில் வைக்கும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். முந்தைய ஏழு நிதியாண்டுகளில் 729 நாட்களுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவர்களுக்குத் தொடக்கக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு வரிச் சலுகை உண்டு. அதனால் எந்த மாதம் குடிவருவது என்பதைக்கூடத் தணிக்கையாளரைக் கேட்டு முடிவுசெய்வது லாபம். பிரிட்டன் அரசு ஓய்வூதியம் இந்தியாவுக்குக் குடிவந்தவருக்கு ஆண்டுதோறும் உயராது; வந்தபோது என்னவோ அதே தொகைதான். அமெரிக்கக் குடிமகனின் இந்தியக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அங்கே தெரிவிக்க வேண்டும்.

மருத்துவம்தான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இங்கே செல்லாது. சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பணத்தைத் திருச்சி தில்லைநகர் மருத்துவமனையில் கட்ட முடியாது. 2024 ஏப்ரல் முதல் 65 வயதைக் கடந்தவரும் இங்கே புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்பது நல்ல செய்தி. ஆனால், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த மூன்றாண்டுச் செலவுக்கான ரொக்கத்தைச் செங்கல்லில் போட்டுவிட்டால் எங்கே போவது?

வீடு இருக்கும் இடமும் உடம்போடு சம்பந்தப்பட்டதே. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. பெரிய மருத்துவமனைகள் பலவும் காவிரிக்குத் தென்கரையில். 2022 இறுதியிலிருந்து 2023 மார்ச் வரை பழுதுபார்ப்புக்காகக் காவிரிப் பாலம் மூடப்பட்டபோது சுற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸ்களை ஊர் மறக்கவில்லை. கோபுரம் தெரிகிறது என்பதற்காக லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி ஃப்ளாட்டை வாங்கியவர், முழங்கால் வலி வந்த பிறகு கோபுரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஒரு வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் பார்த்துவிட்டால், உத்திர வீதியா, திருவானைக்காவலா, தென்கரையா என்பது தானே தெரிந்துவிடும்.

வசதி படைத்தவர்களுக்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்வியும் எழும். வருகிறவர் எல்லாரும் டாலர் கணக்கில் புரள்பவர்கள் அல்லர். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களும், கணவரை இழந்து தனியாக வரும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாந்தால் சுமை நம் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும்தான் வந்து விழும்.

ஆகவே நான்கு செயல்கள் தேவை. ஆண்டுதோறும் ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடும் தமிழக அரசு, திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் வாரம் ஒரு நாளாவது வருவாய், பதிவு, அறநிலையத் துறை, வங்கி அலுவலர்கள் ஒன்றாக அமரும் ஆலோசனை முகப்பைத் திறக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் தகராறில் உள்ள சர்வே எண்களின் முழுப் பட்டியலையும் பதிவுத் துறை வெளியிட வேண்டும். அடிமனைச் சிக்கலுக்குக் காலக்கெடு வைத்துத் தீர்வு காண வேண்டும். இங்கேயே வசிக்கும் ஓசிஐ முதியவர்களையும் உள்ளடக்கும்படி 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.

இவை நடக்கும்வரை, வருகிறவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியதுதான். அரங்கனைச் சேவிக்கக் கிரயப் பத்திரம் தேவையில்லை. வாடகை ஒப்பந்தமே போதும்.