கதவும் படியும்

விளையாட்டு என்றவுடன் நம் மனக்கண்முன் பந்தும் களமும் தோன்றுகின்றன. ஆடுவோர் விரைவும் காண்போர் ஆரவாரமும் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், ஆட்டம் தொடங்குவதற்கு நெடுநாள் முன்னரே, அமைதியான ஓர் அறையில் சிலர் அமர்ந்து, யார் ஆடலாம், யார் ஆடலாகாது, யாரோடு யார் பொருத வேண்டும் என்பனவற்றை வகுத்துவிடுகின்றனர். களத்தில் வெல்வோர் இன்னார் என்பதை ஆற்றல் முடிவு செய்கிறது. களத்திற்கு வருவோர் இன்னார் என்பதையோ விதியே முடிவு செய்கிறது. ஆதலின், ஆட்டத்தைப் போற்றுவோர் விதியையும் ஆராய்ந்து பார்த்தல் கடன். இதனைத் தெளிவுறக் காட்டுவது அமெரிக்க நாட்டு மாநிலங்களுள் ஒன்றாகிய இந்தியானாவின் வரலாறு.

அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி விளையாட்டுகளை நடுவண் அரசு நடத்துவதில்லை. மாநிலந்தோறும் பள்ளிகள் தாமே கூடி அமைத்துக்கொண்ட கழகங்களே பெரும்பாலும் அப்பணியை ஆற்றுகின்றன. இந்தியானாவில் அத்தகைய கழகம் 1903-ஆம் ஆண்டில் தோன்றியது. பள்ளியிற் பயிலாதவரும் வயது கடந்தவரும் பள்ளியின் பெயரால் ஆடும் முறைகேடு அந்நாளில் அந்நாட்டின் பல பகுதிகளில் மலிந்திருந்தது. அதனைக் களைந்து, மாணவர்தம் வயது, கல்வித் தேர்ச்சி, பள்ளி மாற்றம் ஆகியவற்றிற்கு வரம்பு கட்டுதலும், நடுவர்க்கு உரிமம் அளித்தலும், போட்டிகளை முறைப்பட நடத்துதலும் இத்தகைய கழகங்களின் கடமைகளாயின.

இந்தியானா மக்கள் கூடைப்பந்தின்மீது தணியாத காதல் கொண்டவர்கள். அங்கே 1911 முதல் மாநிலப் போட்டி நடைபெற்று வருகிறது. நெடுங்காலம் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்னும் வேறுபாடின்றி எல்லாப் பள்ளிகளும் ஒரே போட்டியில் ஆடின. 1954-ஆம் ஆண்டில் 700-க்கும் மேற்பட்ட பள்ளிகள் கலந்துகொண்டன. அவற்றுள் ஒன்று மைலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி. அதன் மாணவர் தொகை 161 மட்டுமே. அப்பள்ளி படிப்படியாக வென்று இறுதி ஆட்டத்தை எட்டியது. தன்னினும் பன்மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை எதிர்த்து நின்றது. இரு பக்கமும் 30 புள்ளிகளுடன் சமமாக இருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் பாபி பிளம்ப் என்னும் மாணவன் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. மைலன் 32-க்கு 30 என்று வென்றது. சிற்றூர் பெருநகரை வென்ற அக்கதையை அம்மாநிலத்தார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர்.

ஆனால், அதே ஆண்டில் மைலனிடம் தோற்ற பள்ளி ஒன்றின் கதையும் நாம் அறியத் தக்கது. அது இண்டியானபோலிஸ் நகரிலுள்ள கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி. கறுப்பின மாணவரைத் தனியே ஒதுக்கும் நோக்குடன் 1927-இல் அது திறக்கப்பட்டது. கறுப்பின மாணவர்க்கென அமைந்த பள்ளிகளும் கத்தோலிக்கச் சமயப் பள்ளிகளும் 1942 வரை மாநிலக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. எல்லார்க்கும் பொதுவான போட்டி என்று நாடு புகழ்ந்த அப்போட்டியின் கதவு அவர்களுக்கு மூடியே கிடந்தது. கதவு திறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1955-இல், ஆஸ்கர் ராபர்ட்சன் என்னும் இளைஞர் இடம்பெற்ற அட்டக்ஸ் அணி மாநிலப் பட்டத்தை வென்றது. மறு ஆண்டு ஒரு தோல்வியும் காணாமல் மீண்டும் வென்றது. ராபர்ட்சன் 1960-இல் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற அணியிலும் ஆடினார். 1927 முதல் 1942 வரை அப்பள்ளியிற் பயின்று வெளியேறிய இளைஞருள் எத்தனை ராபர்ட்சன்கள் இருந்தனரோ! அவர்கள் தோற்றவர் அல்லர், ஆடவே விடப்படாதவர்.

பிற்காலத்தில் அக்கழகம் வேறொரு மாற்றம் செய்தது. சிறு பள்ளிகள் பல இணைந்து பெரும் பள்ளிகளாயின. 1997-இல் போட்டியிட்ட பள்ளிகள் 400-க்கும் குறைவே. எஞ்சிய சிறு பள்ளிகள் தொடக்கச் சுற்றுகளிலேயே பெரும்பாலும் வீழ்ந்தன. ஆகவே, 1997-98 முதல் மாணவர் தொகைக்கேற்பப் பள்ளிகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. இதனை எதிர்த்தோர் பலர். “மைலனின் புகழ் இனி யார்க்குக் கிட்டும்? ஒரே களம், ஒரே பட்டம் என்பதன்றோ சமநீதி?” என்று அவர்கள் வினவினர்.

அவ்வினா எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. வலியாரை எதிர்த்து வெல்லும் ஆசை இளமைக்கு அழகு. ஆயினும், மைலனுக்குப்பின் 1997 வரை அத்துணைச் சிறிய பள்ளி எதுவும் அப்பட்டத்தைப் பெறவில்லை. அருமையாய் நிகழ்ந்த ஒன்றை நாம் வியந்து பாராட்டலாம். அதனையே அளவுகோலாக்கி, ஆண்டுதோறும் தோற்றுத் திரும்பும் நூறு பள்ளிகளுக்கு விதி வகுத்தல் முறையாகாது. இதுவே என் கருத்து.

அங்ஙனமாயின், 1942-க்கு முன் செய்த பிரிவினையும் பிரிவினை. 1997-இல் செய்த பிரிவினையும் பிரிவினை. ஒன்றைப் பழித்து மற்றொன்றைப் புகழ்தல் தகுமோ எனில், தகும். முன்னது கதவை அடைத்தது. பின்னது படி அமைத்தது. முன்னது மாற்றிக்கொள்ள இயலாத பிறப்பைக் காரணம் காட்டி மாணவரை வெளியே நிறுத்தியது. பின்னது வலிமை குறைந்தாரும் ஏறுதற்கு வழி செய்து அவர்களை உள்ளே அழைத்தது. பிரிவினை எதுவாயினும், அது வெளியே தள்ளுகிறதா, உள்ளே சேர்க்கிறதா என்று பார்த்தே அதன் நன்மை தீமையைத் துணிதல் வேண்டும்.

மாணவர்களே! நம் மாநிலத்துப் பள்ளிப் போட்டிகளிலும் 14, 17, 19 என வயது வரம்புகள் உள்ளன. அவையும் இளையோர்க்காக அமைத்த படிகளே. பொய்யான பிறந்தநாள் காட்டி ஒருவன் இளையோர் பிரிவில் ஆடினால், அவன் கழகத்தை மட்டும் ஏமாற்றுவதில்லை. தனக்குரிய படியில் நிற்க வந்த சிறுவன் ஒருவனைக் கீழே தள்ளுகிறான். நாளை நீங்கள் ஆசிரியராகவோ, நடுவராகவோ, கழகங்களில் விதி வகுப்போராகவோ விளங்கக்கூடும். அன்று, வென்றவர் கையிலுள்ள கோப்பையை மட்டும் நோக்காதீர்கள். களத்தின் வாயிலில் எவரேனும் நிறுத்தப்பட்டிருக்கின்றனரா என்பதையும் திரும்பிப் பாருங்கள்.